ஸோனுக்கு வெளியே ஓர் ஊர்

எப்சம், ஆக்லாந்து
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ஆதவன் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று பத்மாவதி அன்ட்டி வீட்டு ஹாலில் உங்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தவள் எழுதுகிறேன். கையெழுத்து உங்களுக்குப் புதிது. குரலையும் நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் தட்டு நிறைய டம்ளர் போகும். நேற்று ஒரே ஒரு டம்ளர். உங்கள் அப்பா அம்மா கரூரிலிருந்து ஒரு போனில், என் அப்பா அம்மா அருப்புக்கோட்டையிலிருந்து இன்னொரு போனில். இரண்டும் பூச்சாடியின் இரு பக்கமும் சாய்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் நான் பூச்சாடியைக் கும்பிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி.

பிறகு என் வீட்டுக்கார அன்ட்டி நம்மைத் தனியாகப் பேசச் சொல்லிவிட்டுப் போன்களைக் கவிழ்த்து வைத்தார். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றீர்கள். இல்லை என்று தலையாட்டினேன். கேட்க நிறைய இருந்தது. எதிரில் ஆள் இருந்தால் எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படித்த முதல் ஆள் நான். அப்பா லாரி ஓட்டுகிறார். கல்லூரி விடுதியில் எதை எப்படிக் கேட்பது என்று எனக்குச் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் தப்பு வராது என்று பழகிப்போனது.

எழுதினால் வருகிறது. முடிவு சொல்வதற்கு முன் கொஞ்ச நாள் நாம் கடிதம் எழுதிக்கொள்ளலாமா? மெசேஜ் வேண்டாம். நீல டிக் விழுந்தால் உடனே பதில் போட்டாக வேண்டும். உங்கள் பயோடேட்டாவில் மனுரேவா முகவரி இருந்தது, அதற்கு அனுப்புகிறேன்.

நான் வேனில் போய் ஆட்களுக்குக் காது சோதிக்கிறவள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இதுவரை நகரத்துக்குள் ஓட்டினேன். நாளையிலிருந்து வடமேற்கு வழி எனக்கு. கூமியூ, ஹுவாபாய், வைமாக்கு, ஹெலன்ஸ்வில். திராட்சை விளைகிற, ஒயின் தயாரிக்கிற பக்கமாம். அந்த வழிக்குப் போகிறவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். வேனைப் பின்னால் எடுக்க எனக்கு இன்னும் பயம். அந்த ஊர்களில் சுற்றிவர இடம் நிறைய இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தாரிணி

மனுரேவா
18 பிப்ரவரி 2025

அன்புள்ள தாரிணிக்கு,

நலம். ஐ.டி. ஆள் பேனா பிடித்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்பதை இந்த எழுத்தே சொல்லும். கூட இருக்கும் பையன்கள் இருவரும், என்னடா லவ் லெட்டரா என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கடைசியில் குளியலறையைத் தாளிட்டுக்கொண்டு எழுதுகிறேன். அதனால் எழுத்து கொஞ்சம் நனைந்திருக்கும்.

நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், அவர்களுக்குப் புரியவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு எதற்குத் தபால் என்கிறார்கள். சித்திரை பிறப்பதற்குள் முடிவாகிவிட வேண்டும் என்கிறார்கள். நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஆனால் அம்மாவுக்கு நான் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

என்னைப் பற்றி: வந்து எட்டு வருடம் ஆகிறது. எத்தனை வீடு மாறினேன் என்று கணக்கு விட்டுப்போனது. ஒவ்வொரு முறையும் அதே சூட்கேஸ், அதே குக்கர், அதே இரண்டு போர்வை. என் ஆசை ஒன்றுதான். ஒரே இடத்தில் ஆணி அடித்து ஒரு படம் மாட்ட வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவும் கேட்க வேண்டியிருக்கிறது.

கூமியூவுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். ஆபீசில் எல்லோரையும் ஒரு ஒயின் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். எல்லோரும் குடித்தார்கள், நான் ஆரஞ்சு ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது வண்டி ஓட்டினேன். பார்த்தது கார் நிறுத்துமிடமும் டிராஃபிக்கும்தான். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? எழுதுங்கள்.

அன்புடன்,
ஆதவன்

எப்சம்
9 மார்ச் 2025

அன்புள்ள ஆதவன் அவர்களுக்கு,

நனைந்த கடிதம் பத்திரமாக வந்தது.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். முதல் வாரம் எனக்கும் டிராஃபிக்தான் தெரிந்தது. கூமியூ எங்கே முடிகிறது, ஹுவாபாய் எங்கே தொடங்குகிறது என்று இன்றுவரை யாராலும் எனக்குக் காட்ட முடியவில்லை. ஹுவாபாய்க்காரர்கள் கூமியூவைத் திட்டுகிறார்கள், கூமியூக்காரர்கள் ரோட்டைத் திட்டுகிறார்கள். வைமாக்கு வந்ததும் ரவுண்டானாவில் பாதிக் கார்கள் கடலுக்குத் திரும்பிவிடும். அதற்கப்புறம் சாலை திடீரென்று நமக்கே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். ஹெலன்ஸ்வில் ஒரு சேற்று ஆற்றின் கரையில் இருக்கிறது. கடல் ஏறினால் ஆறு, இறங்கினால் வெறும் சேறு. ரயில் நிலையம் இருக்கிறது, பயணிகள் ரயில் இல்லை. அழகான ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் வேனை நிறுத்தியதும் யாராவது வந்து, நீ புதிதா, போன பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது. அங்கே நான் பேசுகிறேன். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

இப்போது அறுவடைக் காலம். கொடிகளுக்கு மேல் வெள்ளை வலை போர்த்தியிருக்கிறார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே மூடி வைத்த சாமான் போலத் தெரியும். பறவைகளை விரட்ட எரிவாயுவில் வெடிக்கிற துப்பாக்கி வைக்கிறார்கள். குண்டு இல்லை, சத்தம் மட்டும். விடிந்ததிலிருந்து டமார் டமார் என்று போகும். பறவைகள் இரண்டாம் நாளே பழகிவிடும், மனிதர்களின் காதுதான் போகும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான்.

போன செவ்வாய்க்கிழமை யோசிப் என்று ஒரு தோட்டக்காரர் மனைவியோடு வந்தார். அவர்கள் தாத்தா காலத்தில் குரோவேஷியாவிலிருந்து வந்த குடும்பம். மனைவி வாசலிலேயே சொல்லிவிட்டார், இவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, நான் கூப்பிட்டால் மட்டும் கேட்காது என்று. சோதித்தேன். டிராக்டர் சத்தமெல்லாம் கேட்கிறது. அந்த அம்மாவின் குரல் இருக்கிற சுருதியில் அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சோதனையில் வந்த கோட்டுப் படத்தைக் காட்டி விளக்கினேன். அந்த அம்மா வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் நான் சும்மா கோபப்பட்டேனா?" என்று என்னிடம் கேட்டார். கணவர் பேசாமல் இருந்ததை மனைவி வேறு எதுவோ என்று எடுத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார். எனக்கு அன்று முழுவதும் மனது ஒரு நிலையில் இல்லை.

வேலை முடிந்ததும் நேராக எப்சம் திரும்ப வேண்டும். நான் திரும்புவதில்லை. இன்னும் ஓர் ஊர் பார்த்துவிட்டு வருவோம் என்று வண்டி தானாகவே மேலே போகிறது. இதை அப்பாவிடம் சொன்னதில்லை.

இப்படிக்கு,
தாரிணி

மனுரேவா
23 மார்ச் 2025

அன்புள்ள தாரிணிக்கு,

ஒரு நல்ல செய்தி. உங்களிடம் நேரில் சொல்லலாம் என்று இருந்தேன், பொறுக்க முடியவில்லை.

எப்சமில் வீடு வாங்கிவிட்டேன். இரண்டு அறை யூனிட். பழையது, சமையலறையில் ஒரே ஒரு ஜன்னல். ஆனால் ஸோனுக்குள் இருக்கிறது. இரண்டு நல்ல பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து ஸோன், இந்த எல்லைக்குள் குடியிருந்தால்தான் அங்கே பிள்ளைக்கு இடம். என் ஆபீஸில் சோதிலிங்கம் அண்ணன் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், அவர்தான் விரட்டிக்கொண்டே இருந்தார். "தம்பி, கலியாணம் முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும் எண்டு இருந்தா விலை ஏறிடும். முதல்ல ஸோன், பிறகு தாலி," என்றார். சிரித்தேன். மறுவாரமே போய்ப் பார்த்தேன். ஸோன் கோடு தெருவின் நடுவே போகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளை உள்ளே, எதிர்வீட்டுப் பிள்ளை வெளியே. நம்முடையது இந்தப் பக்கம். ஆஃபர் போட்டேன், ஒத்துக்கொண்டார்கள். ஜூனில் சாவி.

"நம்முடையது" என்று எழுதிவிட்டேன். நீங்கள் இன்னும் சரி என்று சொல்லவில்லை என்பது தெரியும். ஆனால் மறுக்கவும் இல்லையே. அன்றைக்கு நீங்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா, பெண்ணுக்குச் சம்மதம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றார்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் சொன்னாராம்.

பத்மாவதி அன்ட்டி வீட்டிலிருந்து நடந்து வரும் தூரம்தான். உங்களுக்குப் பழகிய இடமாக இருக்க வேண்டும் என்றுதான் அங்கே தேடினேன். இனி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். ஹாலில் எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஆதவன்

எப்சம்
30 மார்ச் 2025

அன்புள்ள ஆதவன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வேனுக்குள் உட்கார்ந்து படித்தேன். முதலில் உங்களுக்காகச் சந்தோஷப்பட்டேன், அது உண்மை. வந்து இத்தனை வருடத்தில் ஒருவர் தன் பெயரில் ஒரு கதவு வாங்குவது சின்ன விஷயம் இல்லை. பிறகு, "நம்முடையது" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் வேலையில் ஒரு முறை இருக்கிறது. காதில் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தவில்லை என்றால், கேட்கவில்லை என்று குறித்துக்கொள்வோம். அழுத்தாதவரின் முகத்தைப் பார்த்து, இவருக்குக் கேட்டிருக்கும் என்று நாங்களாகக் குறிக்க மாட்டோம். என் முகத்தைப் பார்த்து கரூரிலும் அருப்புக்கோட்டையிலும் குறித்துவிட்டார்கள். அன்றைக்கு நான் தலை குனிந்திருந்தது சம்மதத்தால் இல்லை. மறுப்பாலும் இல்லை. உங்களை எனக்கு அப்போது தெரியாது, அவ்வளவுதான்.

என் பக்கச் செய்தி ஒன்றும் இருக்கிறது. ஹெலன்ஸ்வில்லில் ஒரு சின்ன கிளினிக் திறக்கப்போகிறார்கள். வாரத்தில் சில நாள் கிளினிக், சில நாள் வேன். வேன் இன்னும் மேலே வெல்ஸ்ஃபோர்ட் வரைக்கும், அப்புறம் கிழக்கே மட்டகானா பக்கமும் போகும், அங்கேயும் ஒயின் தோட்டங்கள்தான். என்னைக் கேட்டார்கள். அங்கேயே தங்கினால் நல்லது என்கிறார்கள். மே மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பத்மாவதி அன்ட்டியிடம் சொன்னேன். அவருடைய மகன், மகள் இருவரும் இந்த ஸோனில் படித்தவர்கள், இப்போது ஒருவர் மெல்போர்ன், ஒருவர் லண்டன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "உமக்கென்ன விசரே பிள்ளை? சனம் ஸோனுக்குள்ள வாறதுக்கு அடிபடுது. நீர் ஸோனை விட்டிட்டு முந்திரிகைத் தோட்டத்துக்குள்ள போகப்போறீரோ?" என்றார். யாழ்ப்பாணத்தில் பைத்தியத்தை விசர் என்றும் திராட்சையை முந்திரிகை என்றும் சொல்வார்கள். அந்தப் பொடியன் தங்கமான பொடியன் என்றும் சொன்னார். நானும் ஓம், ஆமாம் என்றேன்.

எனக்குப் பிடித்ததை உங்களுக்குக் காட்டாமலேயே நான் ஒரு முடிவு எடுப்பது சரியில்லை. வருகிற சனிக்கிழமை வருகிறீர்களா? என் காரில் போகலாம். நான் ஓட்டுகிறேன். உங்கள் வேலையை அங்கிருந்து செய்ய முடியுமா என்று பாருங்கள். நானும் திறந்த மனதோடு இருக்கிறேன்.

இப்படிக்கு,
தாரிணி

மனுரேவா
7 ஏப்ரல் 2025

அன்புள்ள தாரிணிக்கு,

சனிக்கிழமைக்கு நன்றி. போனில் சொல்லலாம் என்று இரண்டுமுறை எடுத்தேன். உங்கள் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது, எழுதினால்தான் வருகிறது.

நீங்கள் அன்று வழியெல்லாம் பேசினீர்கள். பெண் பார்க்க வந்தபோது பேசாத அத்தனையும் சேர்த்துப் பேசினீர்கள். எந்தத் தோட்டத்தில் வலை எடுத்துவிட்டார்கள், எந்தக் கடையில் ரொட்டி நல்லது, எந்த வீட்டு நாய் வேனைத் துரத்தும் என்று. கூமியூ டிராஃபிக்கில் ஒரு கிழவர் கண்ணாடியைத் தட்டி உங்களிடம் தன் காதுக் கருவியைப் பற்றிப் புகார் சொன்னார். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். நீங்கள் பதறாமல் அவருக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தீர்கள். பூச்சாடியைக் கும்பிட்ட பெண்ணா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. நீங்கள் ஊரைக் காட்டினீர்கள், நான் போனில் ஆபீசுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். ஆற்றங்கரையில் நின்றபோது, "இங்க நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டேன். "நான் இருக்கேன்ல," என்றீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அந்த ஊரில் நீங்கள் மட்டும் போதும் என்று சொல்கிற ஆளாக நான் இல்லையே என்று இருந்தது.

நான் ஒன்று கேட்கிறேன். எப்சமில் இருந்துகொண்டு ஹெலன்ஸ்வில்லுக்குப் போய்வர முடியாதா? தூரம்தான். மனுரேவாவில் எத்தனை பேர் அப்படித்தான் போய்வருகிறார்கள். ஒரு வருடம் இங்கே இருந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அப்புறம் பேசுவோம். வீட்டை விற்பது பற்றி என்னால் இப்போது யோசிக்க முடியவில்லை. அதை வாங்கிய அன்று இரவுதான் எட்டு வருடத்தில் முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்கள் வேலையை விட வேண்டும் என்று சொல்லவே மாட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். சித்திரை போனால் போகட்டும் என்று சமாதானம் செய்திருக்கிறேன்.

காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆதவன்

ஹெலன்ஸ்வில்
24 ஏப்ரல் 2025, வியாழன்

அன்புள்ள ஆதவன்,

முதல் முறையாக "அவர்கள்" இல்லாமல் எழுதுகிறேன். தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட நியாயமில்லாதது இல்லை. அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆனது. நீங்கள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொரு நாளும் எப்சமிலிருந்து கிளம்பும்போது, சரி என்று சொல்லிவிடலாம், யாருக்கும் கஷ்டமில்லை என்று நினைப்பேன். வைமாக்கு ரவுண்டானா தாண்டும்போது அந்த நினைப்பு போய்விடும். திரும்பி வரும்போது மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படியே இரண்டு வாரம் ஓடியது. அறுவடை முடிந்துவிட்டது, துப்பாக்கிச் சத்தம் நின்றுவிட்டது. எனக்குத்தான் உள்ளே சத்தம் நிற்கவில்லை.

போய்வர முடியாதா என்று கேட்டீர்கள். முடியும். தூரம் எனக்குப் பெரிதில்லை. அந்த வீட்டில் எல்லாம் முடிவாகி இருக்கிறது, ஆதவன். எந்தத் தெரு, எந்தப் பக்கம், பிறக்காத பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்பது வரை. ஆணி அடிக்கிற சுவர் ஒன்றுதான் எனக்கு மிச்சம். நீங்கள் அன்பாகத்தான் செய்தீர்கள். என் அப்பாவும் அன்பாகத்தான் செய்வார். நான் படித்த பள்ளிக்கூடம், விடுதி, பாடம் எல்லாம் யாரோ அன்பாக எடுத்துக் கொடுத்ததுதான். நான் போய் உட்கார்ந்தேன். இப்போதுதான் ஒரு வேன் கிடைத்து, இடதா வலதா என்று நானே திரும்பிக்கொண்டிருக்கிறேன். ஹெலன்ஸ்வில்கூட எனக்குக் கடைசி ஊராக இருக்குமா என்று தெரியாது. உங்களுக்கோ இனி நகராத ஒரு வீடு வேண்டும். அது உங்களுக்குக் கிடைக்கவும் வேண்டும். நான் வந்தால் ஒவ்வொரு சாயங்காலமும் என் கார் சத்தத்துக்காக நீங்கள் காத்திருப்பீர்கள், நான் இன்னும் ஓர் ஊர் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் செய்தேன். வழக்கம்போல ஸ்பீக்கரில் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும். "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா," என்றேன். சித்தி, "யாரு பேசுறது, தாரிணியா?" என்று கேட்டார். அப்பா எழுந்து வாசலுக்கு வந்திருக்க வேண்டும், லாரி போகிற சத்தம் கேட்டது. "ஸ்பீக்கர அமத்திட்டேன். இப்பச் சொல்லு," என்றார். அதையேதான் சொன்னேன். பையனிடம் ஏதாவது குறையா என்றார். இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றார். இப்போது உங்களுக்கு எழுதியதை அவருக்குத் திக்கித் திக்கிச் சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. வண்டியைப் பார்த்து ஓட்டு என்று சொல்லி வைத்துவிட்டார். இந்த வாரம் அம்மா பேசவில்லை.

அன்ட்டி வீட்டைக் காலி செய்கிறேன். அவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை, மூன்றாம் நாள் மிளகாய்த்தூள் வறுத்து ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருந்தார்.

இப்போது இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை உங்களைச் சந்திக்கிறேன் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சரி என்றீர்கள், என்ன விஷயம் என்று கேட்கவில்லை. உங்கள் எதிரில் உட்கார்ந்து, வேண்டாம் என்று என் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் வருகிறேன். இத்தனை நல்லவரிடம் அதை எழுதி மட்டும் அனுப்புவது மரியாதை இல்லை. ஆனால் என்னை எனக்குத் தெரியும். நீங்கள் சிரித்துக்கொண்டே காபி சொல்வீர்கள், ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கியதைச் சொல்வீர்கள், நான் தலை குனிந்துகொள்வேன். நீங்கள் பழையபடி சம்மதம் என்று குறித்துக்கொள்வீர்கள்.

அதனால் இதை இன்றே இங்கே தபாலில் சேர்த்துவிடுகிறேன். நாளை விடுமுறை, அப்புறம் சனி, ஞாயிறு. அடுத்த வாரம்தான் உங்கள் கைக்கு வரும். சனிக்கிழமை நான் சொல்லியிருந்தால் இதைக் கிழித்துவிடுங்கள். ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பியிருந்தால், நான் அன்று சொல்ல வந்தது இதுதான்.

தாரிணி